ஒரு பிரின்டர், நாலு வகை கம்ப்யூட்டர்: எது எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடிக்கும் வழி

பெங்களூரில் நம்மவர் வீடுகளில் இப்போது இதுதான் நிலவரம். அம்மாவுக்கு ஆபீஸ் கொடுத்த விண்டோஸ் லேப்டாப், அப்பாவிடம் மேக், இன்ஜினியரிங் படிக்கும் பையனிடம் உபுண்டு லினக்ஸ், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா கையில் ஆண்ட்ராய்டு போன். பிரின்டர் மட்டும் ஒன்று, எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி வாங்கியது. ஒன்றில் அடிக்கிறது, இன்னொன்றில் அடிக்க மாட்டேன் என்கிறது. "அண்ணா, பிரின்டர் போயிடுச்சு போல, வேற வாங்கிடலாமா?" என்று கேட்டு அல்சூர், ஈஜிபுரா பக்கமிருந்து வரும் அழைப்புகளில், பிரின்டர் உண்மையிலேயே போயிருப்பது அபூர்வம்.

இதை மேலிருந்து கீழ்வரை படிக்க வேண்டியதில்லை. உங்கள் பிரின்டர் காட்டும் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போய்விடலாம். ஆனால் முதல் பகுதியை எல்லோரும் செய்துவிடுங்கள். அதை விட்டுவிட்டு டிரைவரை, அதாவது கம்ப்யூட்டரைப் பிரின்டரோடு பேச வைக்கும் மென்பொருளை, நீக்குவதும் ஏற்றுவதுமாக ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்கிறவர்கள்தான் அதிகம்.

## முதலில் இரண்டு சோதனை

ஒன்று, கம்ப்யூட்டர் இல்லாமல் பிரின்டரை மட்டும் அடிக்க வையுங்கள். திரை உள்ள பிரின்டரில் மெனுவுக்குள் ரிப்போர்ட் அல்லது கான்ஃபிகரேஷன் பேஜ் என்று இருக்கும். திரை இல்லாத சின்ன பிரின்டரில் ஏதாவது ஒரு பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும், எந்தப் பட்டன் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அந்தப் பக்கம் ஒழுங்காக வந்தால் டோனர், டிரம், காகிதம் இழுக்கும் உருளை எல்லாம் நலம். இனி பிரின்டரைத் திட்ட வேண்டாம்.

இரண்டு, வைஃபை பிரின்டராக இருந்தால் அதே பக்கத்தில் 192.168.1.5 என்பது போல ஓர் ஐபி முகவரி அச்சாகியிருக்கும். எந்தக் கம்ப்யூட்டரில் தகராறோ அதிலேயே பிரௌசரைத் திறந்து அந்த எண்ணை அப்படியே அடியுங்கள். பிரின்டரின் சொந்தப் பக்கம் திறந்தால் பாதை சரியாக இருக்கிறது, கோளாறு டிரைவரில் அல்லது அந்தக் கம்ப்யூட்டரின் பிரின்டர் அமைப்பில் என்று முடிவு கட்டலாம். திறக்கவில்லை என்றால் நெட்வொர்க்கில் கோளாறு, டிரைவரைத் தொடவே தொடாதீர்கள். இந்த ஒரு சோதனையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பிரின்டருக்கு விண்டோஸும் தெரியாது, மேக்கும் தெரியாது. அது சில பக்க மொழிகளை மட்டும்தான் படிக்கும். அடோபி 1984இல் கொண்டுவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் ஒன்று, அதே ஆண்டில் எச்பி கொண்டுவந்த பிசிஎல் இன்னொன்று. இந்த இரண்டில் ஒன்றைப் படிக்கும் பிரின்டர் எந்தக் கம்ப்யூட்டரோடும் ஏறக்குறைய ஒத்துப்போகும். மூன்றாவது ரகம்தான் தலைவலி. விலையைக் குறைப்பதற்காகப் பிரின்டருக்குள் மூளையே வைக்காமல், பக்கத்தைப் புள்ளி புள்ளியாக்கும் வேலை முழுவதையும் கம்ப்யூட்டர் தலையில் கட்டியவை. நம் ஊர்க் கடைகளிலும் சின்ன ஆபீஸ்களிலும் வருடக்கணக்கில் உழைத்துக்கொண்டிருக்கும் கேனன் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020 இரண்டும் இந்த ரகம். அந்தந்த நிறுவனத்தின் தனி டிரைவர் இல்லாவிட்டால் இவை வெறும் பெட்டிதான்.

நான்காவது ரகம் புதியது. ஆப்பிள் 2010இல் ஏர்பிரின்ட்டைக் கொண்டுவந்தது. 2013இல் கேனன், எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் சேர்ந்து மோப்ரியா என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. இந்த இரண்டில் ஒரு பெயர் பிரின்டர் பெட்டியில் இருந்தால், அது ஐபிபி என்ற பொது நெறியில் பேசும், தனி டிரைவர் வேண்டாம். எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரர் "எல்லாத்துக்கும் வரும் சார்" என்பார். பெட்டியைத் திருப்பி இந்தப் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

## விண்டோஸ் 'ஆஃப்லைன்' என்கிறது, பிரின்டரிலோ பச்சை விளக்கு எரிகிறது

மிக அதிகமாக வரும் புகார் இது. நேற்று வரை நன்றாக அடித்திருக்கும்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் பிரின்டருக்கு வேறு ஐபி முகவரியைக் கொடுத்துவிடுகிறது. விண்டோஸ் பழைய முகவரியிலேயே தட்டிக்கொண்டிருக்கிறது. அடிக்கடி மின்வெட்டு வரும் ஏரியாவில் இது வாராவாரம் நடக்கும். மேலே சொன்ன பக்கத்தை அடித்து இப்போதைய முகவரியைப் பாருங்கள். பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் பிரின்டரைத் தேர்ந்தெடுத்து, பிரின்டர் பிராப்பர்ட்டீஸ் போய், போர்ட்ஸ் பகுதியில் எது டிக் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். டபிள்யூஎஸ்டி என்று தொடங்கும் போர்ட் இருந்தால் அதை நம்பாதீர்கள். தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்பார்கள், தானாகத் தொலைந்தும் போகும். ஆட் போர்ட் கொடுத்து, ஸ்டாண்டர்டு டிசிபி ஐபி போர்ட்டைத் தேர்ந்தெடுத்து, சரியான முகவரியைக் கொடுங்கள்.

அதோடு விட்டால் அடுத்த மின்வெட்டில் மறுபடி இதே கதை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் அல்லது அட்ரஸ் ரிசர்வேஷன் என்று இருக்கும். அதில் பிரின்டருக்கு ஒரே முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். ஃபைபர் கம்பெனி கொடுத்த ரவுட்டரின் பாஸ்வேர்டு தெரியாவிட்டால், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள்.

முகவரி சரியாக இருந்தும் ஆஃப்லைன் என்றால், அதே போர்ட்டைத் தேர்ந்தெடுத்து கான்ஃபிகர் போர்ட் அழுத்துங்கள். எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் அந்த வழியில் கேட்கும் நலவிசாரிப்புக்குச் சில பிரின்டர்கள் பதிலே சொல்லாது. பதில் வராததால் பிரின்டர் இல்லை என்று விண்டோஸ் முடிவு கட்டிவிடுகிறது.

யுஎஸ்பி பிரின்டரில் இதே செய்தி வந்தால் வேறு காரணம். கேபிளை லேப்டாப்பின் வேறு துளையில் செருகியிருப்பீர்கள். விண்டோஸ் அதைப் புதுப் பிரின்டராக எண்ணி, அதே பெயரோடு காப்பி 1 என்று சேர்த்து இன்னொன்றை உருவாக்கியிருக்கும். பழையதை நீக்கிவிட்டுப் புதியதை டீஃபால்ட் ஆக்கினால் போதும்.

## லேப்டாப்பில் தெரிகிறது, போனிலோ மேக்கிலோ பிரின்டரே தெரியவில்லை

ஐபோனில் 'ஏர்பிரின்ட் பிரின்டர் எதுவும் இல்லை' என்று வரும். ஆண்ட்ராய்டில் தேடிக்கொண்டே இருக்கும். இங்கே டிரைவர் பேச்சே கிடையாது. போன்கள் பிரின்டரைக் கண்டுபிடிப்பது உள்ளூர் நெட்வொர்க்கில் கூவி அழைக்கும் ஒரு முறையால். மேக்கில் அதற்குப் பொன்ஷூர் என்று பெயர், 5353ஆம் போர்ட்டில் நடக்கிறது. அந்தக் கூவல் எங்கேயோ அடைபடுகிறது என்று அர்த்தம்.

அடைக்கும் இடங்கள் மூன்று. போன் கெஸ்ட் வைஃபையில் இருக்கலாம். கெஸ்ட் நெட்வொர்க்கில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடிதான் பொதுவாக வைத்திருப்பார்கள். ரவுட்டரில் ஏபி ஐசொலேஷன் அல்லது கிளையன்ட் ஐசொலேஷன் ஆன் ஆகியிருக்கலாம், அணைத்துவிடுங்கள். பேயிங் கெஸ்ட் விடுதிகளில் இதை அணைக்க விட மாட்டார்கள், அணைக்கவும் கூடாது. அங்கே பிரின்டரின் வைஃபை டைரக்ட் வசதியைப் பயன்படுத்துங்கள். டைரக்ட் என்று தொடங்கும் பெயரில் பிரின்டரே ஒரு வைஃபை தரும். போனை அதில் இணைத்து அடித்துவிட்டு மறுபடி பழைய வைஃபைக்கு மாறிக்கொள்ளலாம்.

மூன்றாவது இடம், பிரின்டர் வைஃபையிலேயே சேராமல் இருப்பது. குறைந்த விலை பிரின்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் அறியும். 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஓடும் வைஃபை பெயர் அவற்றின் பட்டியலிலேயே வராது. புது ரவுட்டர் மாற்றிய அன்றே தகராறு தொடங்கியது என்றால் பாதுகாப்பு முறையையும் பாருங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய பிரின்டருக்குப் புரியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றுங்கள்.

ஆண்ட்ராய்டில் இன்னும் தெரியவில்லை என்றால் பிளே ஸ்டோரில் மோப்ரியா பிரின்ட் சர்வீஸ் இருக்கிறது, போட்டுப் பாருங்கள். கூகுள் கிளவுட் பிரின்ட் வழியாக இணைக்கச் சொல்லும் பழைய குறிப்பு ஏதாவது கண்ணில் பட்டால் கடந்து போய்விடுங்கள். அந்தச் சேவை 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது.

## ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் வராது

இது பெங்களூருக்கே உரிய நோய் என்று சொல்லலாம். வீட்டிலிருந்து வேலை, கம்பெனி நெட்வொர்க்கோடு லேப்டாப்பை இணைக்கும் விபிஎன் எப்போதும் ஆன். பல கம்பெனிகள் விபிஎன்னை எப்படி அமைக்கின்றன என்றால், லேப்டாப்பிலிருந்து கிளம்பும் எல்லாமே கம்பெனிக்குப் போகும், பக்கத்து மேஜையில் இருக்கும் பிரின்டருக்குப் போகாது. பிரௌசர் சோதனையை விபிஎன் ஆன் செய்து ஒரு முறை, ஆஃப் செய்து ஒரு முறை பாருங்கள். ஆஃப் செய்ததும் பக்கம் திறந்தால் காரணம் தெரிந்துவிட்டது. விபிஎன்னைத் துண்டித்து அடித்துவிட்டு மறுபடி இணையுங்கள். துண்டிக்க அனுமதி இல்லை என்றால் யுஎஸ்பி கேபிள் போடுங்கள், விபிஎன் அதைத் தடுக்காது. யுஎஸ்பியையும் பூட்டியிருந்தால் கம்பெனிக்கு வீட்டில் அச்சடிப்பது பிடிக்கவில்லை என்று பொருள். அதை மீறும் வழியை நான் சொல்லப்போவதில்லை.

டிரைவர் ஏற்றப்போனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறதா? அதற்கும் ஒரு பின்கதை உண்டு. 2021 ஜூலையில் பிரின்ட்நைட்மேர் என்று பெயரிடப்பட்ட ஓட்டை விண்டோஸின் அச்சுச் சேவையில் வெளிப்பட்டது. அதை அடைக்க வந்த ஆகஸ்ட் மாத அப்டேட்டுக்குப் பிறகு, நெட்வொர்க் பிரின்டரின் டிரைவரை ஏற்ற அட்மின் உரிமை தேவை என்பது இயல்பு நிலை ஆகிவிட்டது. மோப்ரியா உள்ள பிரின்டருக்கு மைக்ரோசாஃப்டின் சொந்த ஐபிபி டிரைவரே போதும். அதனால் பிரின்டர் நிறுவனத்தின் பெரிய மென்பொருளைத் தவிர்த்துவிட்டு, ஆட் டிவைஸ் வழியாக மட்டும் சேர்த்துப் பாருங்கள்.

## ஷேர் செய்த பிரின்டரில் 11பி என்று முடியும் பிழை எண்

சின்ன ஆபீஸ்களில் காணும் வியாதி. ஒரு விண்டோஸ் மெஷினில் யுஎஸ்பி பிரின்டரை மாட்டி, மற்ற மெஷின்களுக்கு ஷேர் செய்திருப்பார்கள். 2021 செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு இந்தப் பிழை ஊரெங்கும் வந்தது. மேலே சொன்ன வரிசையின் தொடர்ச்சிதான் இதுவும். ஒரு மெஷினில் அப்டேட் ஏறி, இன்னொன்றில் ஏறாமல் இருந்தால் இரண்டும் பேசிக்கொள்ள மறுக்கும். முதலில் எல்லா மெஷினிலும் அப்டேட்டை முடியுங்கள். ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றினால் சரியாகும் என்று யூடியூபில் சொல்வார்கள். சரியாகும்தான். அடைத்த ஓட்டையைத் திறந்துவிட்டுத்தான் சரியாகும்.

709 என்று முடியும் பிழை விண்டோஸ் 11இன் 22ஹெச்2 பதிப்புக்குப் பிறகு தலைகாட்டினால், அதற்கும் உறவு உண்டு. அந்தப் பதிப்பிலிருந்து விண்டோஸ் பகிர்ந்த பிரின்டரோடு பேசும் வழியே மாறிவிட்டது. பழைய விண்டோஸ் ஓடும் மெஷின் அதற்கு ஈடுகொடுக்காமல் போகலாம். என் கருத்தைக் கேட்டால், மூன்று பேருக்கு மேல் உள்ள ஆபீஸில் விண்டோஸ் ஷேரிங்கை விட்டுவிடுங்கள். நெட்வொர்க் வசதி உள்ள பிரின்டர் வாங்குங்கள், அல்லது கடைசித் தலைப்பில் உள்ள ஏற்பாட்டைச் செய்யுங்கள்.

## புது லேப்டாப் வாங்கினேன், பழைய பிரின்டருக்கு டிரைவரே இல்லை

விண்டோஸ் லேப்டாப்பில் முதலில் பிராசஸரைப் பாருங்கள். 2024 நடுவிலிருந்து கடைகளில் அதிகம் தென்படும் ஸ்னாப்டிராகன் லேப்டாப்கள் ஏஆர்எம் என்ற, இன்டெல்லிலிருந்து வேறான பிராசஸர் ரகம். இன்டெல்லுக்காக எழுதிய சாதாரண மென்பொருள்கள் அதில் ஓடும், ஆனால் இன்டெல்லுக்காக எழுதிய பிரின்டர் டிரைவர் ஓடாது. நிறுவனம் ஏஆர்எம்64 டிரைவர் தந்திருக்க வேண்டும், அல்லது பிரின்டர் ஐபிபி பேச வேண்டும். எச்பி 1020, கேனன் 2900 வைத்திருப்பவர்கள் லேப்டாப் வாங்கும் முன்பே இதைக் கேட்டுவிடுவது நல்லது. 32 பிட் விண்டோஸிலிருந்து 64 பிட்டுக்கு மாறியபோது நடந்ததும் இதே கதைதான், அன்றைய பிரின்டர்கள் பலவும் அன்றே பரணுக்குப் போயின.

விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பில் புரொடெக்டட் பிரின்ட் மோட் என்று ஒரு வசதி வந்திருக்கிறது. அதைத் தெரியாமல் ஆன் செய்தால் மற்ற நிறுவனங்களின் டிரைவரில் ஓடும் பிரின்டர்கள் எல்லாம் பட்டியலிலிருந்து காணாமல் போகும். பிரின்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்திலேயே அதன் சுவிட்ச் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் போகும் திசையும் இதுதான். மற்ற நிறுவனங்களின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2023 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது.

மேக்கில் பிரின்டரைச் சேர்க்கும்போது கீழே யூஸ் என்று ஒரு பட்டியல் வரும். ஏர்பிரின்ட் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், நிறுவனத்தின் டிரைவர் ஏற்கெனவே இருந்தாலும் சரி. ஏர்பிரின்ட் இல்லாத பழைய ஆபீஸ் லேசர் பிரின்டருக்கு ஜெனரிக் போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது ஜெனரிக் பிசிஎல் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இரண்டு பக்க அச்சு போன்ற சில வசதிகள் தெரியாமல் போகலாம், ஆனால் பக்கம் வந்துவிடும். எல்லாம் குழம்பிவிட்டது என்றால் பிரின்டர் பட்டியலில் கன்ட்ரோல் விசையோடு கிளிக் செய்து ரீசெட் பிரின்டிங் சிஸ்டம் கொடுங்கள். சேர்த்து வைத்த எல்லாப் பிரின்டரும் போய்விடும், புதிதாகச் சேர்க்க வேண்டும்.

பழைய எச்பி டிரைவர் உள்ள மேக்கில் 'இது உங்கள் கம்ப்யூட்டருக்குச் சேதம் விளைவிக்கும்' என்று எச்சரிக்கை வந்து பலர் பயந்தது உண்டு. அது வைரஸ் இல்லை. 2020 அக்டோபரில் அந்த டிரைவர்களின் டிஜிட்டல் சான்றிதழ் தவறுதலாக ரத்தானதன் விளைவு. அந்த டிரைவரை நீக்கிவிட்டு ஏர்பிரின்ட்டில் சேர்த்தால் போதும்.

## லினக்ஸில் 'ஃபில்டர் ஃபெயில்ட்', அல்லது கரண்ட் போய் வந்தால் அடிப்பதில்லை

லினக்ஸிலும் மேக்கிலும் அச்சு வேலையைப் பார்ப்பது கப்ஸ் என்ற ஒரே மென்பொருள்தான். மைக்கேல் ஸ்வீட் எழுதியது, 1999இல் வெளிவந்தது, 2002இலிருந்து ஆப்பிளும் பயன்படுத்துகிறது. லினக்ஸில் பிரௌசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று போட்டு 631ஆம் போர்ட்டைத் திறந்தால் அதன் பக்கம் வரும். வரைகலைக் கருவிகள் மூடி மறைக்கும் பிழைச் செய்தி அங்கே முழுசாகத் தெரியும்.

ஃபில்டர் என்பது பக்கத்தைப் பிரின்டர் மொழிக்கு மாற்றும் சிறு நிரல். அது ஃபெயில் ஆவதற்குக் காரணம் அந்த நிரலே இல்லாதது, அல்லது 32 பிட் நிரலாக இருந்து அதற்கு வேண்டிய 32 பிட் நூலகங்கள் உங்கள் 64 பிட் கணினியில் இல்லாதது. பிரதரின் பல லினக்ஸ் டிரைவர்கள் 32 பிட்டாகவே வருகின்றன. உபுண்டுவில் ஐ386 கட்டமைப்பைச் சேர்த்து அந்த நூலகங்களை ஏற்றினால் ஓடும். டிரைவர் எதுவும் ஏற்றாமலே யுஎஸ்பியில் அடிக்கும் பிரின்டரும் உண்டு. புது மாடல் என்றால் ஐபிபி யுஎஸ்பி என்ற சேவை தானாக எழுந்து அதைப் பார்த்துக்கொள்ளும். அங்கே நிறுவன டிரைவரையும் சேர்த்து ஏற்றினால் இரண்டும் ஒரே பிரின்டருக்காக மல்லுக்கு நிற்கும். ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

எச்பி 1020 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தப் பிரின்டர் தன் இயக்க நிரலைத் தனக்குள் சேமித்து வைப்பதில்லை. ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் கம்ப்யூட்டர்தான் அதை ஊட்டிவிட வேண்டும். விண்டோஸில் டிரைவர் சத்தமில்லாமல் ஊட்டிவிடும், நமக்குத் தெரியாது. லினக்ஸில் எச்பியின் டிரைவர் தொகுப்பான எச்பிலிப்போடு பிளகின் என்ற தனித் துண்டும் இருந்தால்தான் இது நடக்கும். இரண்டும் ஒரே பதிப்பு எண்ணில் இருக்க வேண்டும். உபுண்டுவை அப்கிரேட் செய்தால் எச்பிலிப் புதிதாகும், பிளகின் பழசாகவே நிற்கும். அப்போது பிரின்டர் பட்டியலில் இருக்கும், வேலை அனுப்பினால் முடிந்துவிட்டது என்றும் சொல்லும், காகிதம் மட்டும் வராது. பிளகினை மறுபடி ஏற்றி, பிரின்டரை அணைத்துப் போடுங்கள். எச்பிலிப் வேண்டாம் என்பவர்களுக்கு ஃபூ2இசட்ஜேஎஸ் என்ற மாற்று டிரைவர் இருக்கிறது, அதற்கும் அந்த இயக்க நிரல் கோப்பு தேவை.

## பக்கம் பக்கமாகக் கிறுக்கல்

ஒவ்வொரு காகிதத்திலும் ஒரு வரி, அதில் புரியாத குறிகள், தட்டு காலியாகும் வரை நிற்காது. முதலில் பிரின்டரை அணைத்துவிடுங்கள், காகிதமாவது மிஞ்சும். முதல் தாளின் உச்சியைப் பாருங்கள். விழுக்காட்டுக் குறியும் வியப்புக்குறியும் அடுத்தடுத்து இருந்தால், போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியாத பிரின்டருக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட் போயிருக்கிறது. தவறான மாடலின் டிரைவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், கடைசி எழுத்து மட்டும் மாறும், அந்த எழுத்தில்தான் போஸ்ட்ஸ்கிரிப்ட் உண்டா இல்லையா என்பது இருக்கும். பிசிஎல்6 டிரைவரில் இப்படி வந்தால் பிசிஎல்5 டிரைவரைப் போட்டுப் பாருங்கள். மறுபடி ஆன் செய்யும் முன் கம்ப்யூட்டரில் வரிசையில் நிற்கும் வேலையையும் அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

## ஆரஞ்சு விளக்கு மின்னுகிறது, காகிதம் இருந்தும் காகிதம் கேட்கிறது

மேக்கும் உபுண்டுவும் அமெரிக்க ஆங்கிலத்தில் அமைந்திருந்தால் காகித அளவை லெட்டர் என்று எடுத்துக்கொள்ளும். நம் தட்டில் இருப்பது ஏ4. ஏ4 என்பது 210க்கு 297 மில்லிமீட்டர், லெட்டர் 216க்கு 279. பிரின்டர் லெட்டர் காகிதத்துக்காகக் காத்திருக்கிறது, நாம் பிரின்டர் கெட்டுவிட்டது என்று நினைக்கிறோம். அவசரத்துக்குப் பிரின்டரில் ஓகே பட்டனை அழுத்தினால் இருக்கும் காகிதத்திலேயே அடித்துவிடும். நிரந்தரமாகச் சரிசெய்ய, மேக்கில் டீஃபால்ட் பேப்பர் சைஸை ஏ4 ஆக்குங்கள். விண்டோஸில் பிரின்டிங் பிரிஃபரென்சஸில் மாற்றுங்கள். குரோமின் அச்சு ஜன்னலில் தனியாகப் பார்க்க வேண்டும், அது தன் போக்கில் ஒன்றை நினைவில் வைத்திருக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த வேர்டு கோப்பு என்றால் கோப்புக்குள்ளேயே லெட்டர் இருக்கும், அங்கேயும் மாற்றுங்கள்.

## தமிழ் மட்டும் உடைந்து வருகிறது

இங்கே இரண்டு வேறு வேறு நோய்கள் உண்டு, மருந்தும் வேறு.

முதலாவது, திரையிலேயே உடைந்திருப்பது. ஊரிலிருந்து உறவினர் அனுப்பிய கல்யாணப் பத்திரிகையின் வேர்டு கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரியும். அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் இடங்கள்தாம், அந்த எழுத்துரு போட்டால்தான் தமிழாகத் தெரியும். உங்கள் மேக்கில் அது இல்லை. அனுப்பியவரிடம் பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள், அதுதான் சுலபம். திருத்த வேண்டும் என்றால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளில் யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகளின் பள்ளியிலிருந்து நுடி எழுத்துருவில் வரும் கன்னடச் சுற்றறிக்கைக்கும் இதே கதிதான், இதே மருந்துதான்.

இரண்டாவது, திரையில் அழகாக இருந்து, காகிதத்தில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவே புள்ளி வட்டம், அல்லது வெறும் கட்டங்கள். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு, க, கால் மூன்றையும் சரியான இடத்தில் வைக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்ய வேண்டும். அதைச் செய்து முடித்த உருவத்தை அனுப்பினால் பிரச்சினை இல்லை. சில டிரைவர்கள் எழுத்துருவைப் பிரின்டரிடம் ஒப்படைத்துவிட்டு நகர்ந்துவிடும். பிரின்டருக்குத் தமிழ் தெரியாது.

இதற்கு அடோபி ரீடரில் பிரின்ட் ஜன்னலில் அட்வான்ஸ்டு அழுத்தி, பிரின்ட் ஆஸ் இமேஜ் டிக் செய்யுங்கள். பக்கம் படமாகப் போகும், கொஞ்சம் மெதுவாகும், எழுத்து உடையாது. எச்பி பிசிஎல்6 டிரைவரில் ட்ரூடைப் எழுத்துகளைப் பிட்மேப்பாக அனுப்பு என்ற தேர்வு இருக்கிறது, அதையும் ஆன் செய்யலாம். போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவராக இருந்தால் பிரின்டரின் சொந்த எழுத்துருக்களைப் பயன்படுத்தாதே என்று அமைத்துவிடுங்கள்.

விண்டோஸில் லதா எழுத்துருவில் எழுதி, வேறு கம்ப்யூட்டரில் அடிக்கும்போது வரிகள் நகர்ந்து பக்கக் கணக்கு மாறுவதும் உண்டு. விண்டோஸ் 10இலிருந்து லதா தானாக வருவதில்லை, தமிழ் கூடுதல் எழுத்துருக்கள் என்ற விருப்பத் தொகுப்பை நாமே ஏற்ற வேண்டும். அது இல்லாத இடத்தில் நிர்மலா வரும், மேக்கில் தமிழ் சங்கம் எழுத்துரு வரும், உபுண்டுவில் லோஹித் அல்லது நோட்டோ வரும். ஒவ்வொன்றின் அகலமும் வேறு. சங்க மலர், ஆண்டு அறிக்கை போன்றவற்றை வேர்டு கோப்பாகக் கொண்டுபோய்க் கடையில் கொடுப்பவர்கள் எழுத்துருவைக் கோப்போடு சேர்த்துச் சேமியுங்கள், அல்லது பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். பிடிஎஃப்தான் என் கட்சி.

## வரிசையில் நின்றுவிட்ட வேலை, ஸ்கேன் மட்டும் வராதது

அழிக்கவே முடியாமல் நிற்கும் வேலைக்கு விண்டோஸில் சர்வீசஸ் போய் பிரின்ட் ஸ்பூலரை நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரின்டர்ஸ் என்ற வரிசையில் உள்ளே போய் அங்கிருக்கும் கோப்புகளை அழித்துவிட்டு ஸ்பூலரைத் தொடங்குங்கள். லினக்ஸில் கப்ஸ் பக்கத்திலேயே ரத்து செய்யலாம், மேக்கில் பிரின்டரின் வரிசை ஜன்னலிலேயே ரத்து செய்யலாம்.

அச்சு வந்து ஸ்கேன் வராவிட்டால் அது தனி டிரைவர் விஷயம், அச்சு டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏர்பிரின்ட் உள்ள புது மாடல்களில் மேக்கின் இமேஜ் கேப்சர், உபுண்டுவின் டாக்குமென்ட் ஸ்கேனர் இரண்டும் பெரும்பாலும் நேராகவே எடுக்கும்.

## எதுவும் ஒத்துவரவில்லை, ஆனால் பிரின்டர் நன்றாக அடிக்கிறது

2900, 1020 வைத்திருப்பவர்களுக்கான கடைசி வழி இது, செலவும் குறைவு. டிரைவர் ஓடும் ஒரே ஒரு கம்ப்யூட்டரைப் பிரின்டரோடு நிரந்தரமாகக் கட்டிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதனிடம் பேச வைப்பது. பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பில் உபுண்டு போடுங்கள். பிரின்டரை யுஎஸ்பியில் மாட்டி, அதற்குரிய டிரைவரை ஏற்றி, அந்த மெஷினில் அச்சு வருகிறதா என்று முதலில் பாருங்கள். அது வந்த பிறகு கப்ஸ் பக்கத்தில் ஷேர் பிரின்டர்ஸ் என்பதை டிக் செய்து, அந்தப் பிரின்டரின் சொந்த அமைப்பிலும் ஷேர் என்பதை ஆன் செய்யுங்கள். இரண்டில் ஒன்றை மறந்தால் வேலை செய்யாது.

இப்போது கப்ஸ் அந்தப் பழைய பிரின்டரை ஏர்பிரின்ட் பிரின்டராகவே நெட்வொர்க்கில் அறிவிக்கும். ஐபோனிலும் மேக்கிலும் தானாகத் தெரியும். ஆண்ட்ராய்டில் மோப்ரியா வழியாகத் தெரியும். விண்டோஸில் தானாகத் தெரியவில்லை என்றால் கையால் சேர்க்கும் வழியில் ஐபிபி டிவைஸ் என்று தேர்ந்தெடுத்து முகவரி கொடுங்கள். ஏஆர்எம் லேப்டாப்பும் இதில் அடங்கும், அதில் எந்த நிறுவன டிரைவரும் வேண்டாம்.

பழைய லேப்டாப்புக்குப் பதில் ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கம்ப்யூட்டரை வைக்கலாமா என்று கேட்பார்கள். 1020க்கு வைக்கலாம், ஃபூ2இசட்ஜேஎஸ் அதில் ஓடும். 2900க்குக் கேனன் தந்த லினக்ஸ் டிரைவர் இன்டெல் ரக பிராசஸருக்கு மட்டும் எழுதியது, பையில் ஏறாது. அதற்குப் பழைய இன்டெல் லேப்டாப்தான் சரி. எஸ்.பி. ரோட்டில் பேட்டரி செத்த லேப்டாப் மலிவாகக் கிடைக்கும். எப்போதும் சார்ஜரிலேயே இருக்கப்போவதால் பேட்டரி தேவையில்லை. மூடியை மூடினாலும் தூங்காதபடி அமைத்துவிட்டு, அதற்கும் ரவுட்டரில் ஒரு நிரந்தர முகவரி கொடுத்துவிடுங்கள். அந்த லேப்டாப்பையும் பிரின்டரையும் ஒரே சுவிட்ச் போர்டில் மாட்ட வேண்டாம். மின்வெட்டு முடிந்ததும் லேப்டாப் எழுந்த பிறகு பிரின்டரை ஆன் செய்தால்தான் 1020க்கு அதன் இயக்க நிரல் ஒழுங்காக ஏறும்.